டெக்சாஸ் பெருவழியும் ஒரு வதந்தியின் நியாயமும்

2006-இன் நடுப்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், இல்லாத ஒரு சாலையைப் பற்றி அமெரிக்காவில் ஓயாத பேச்சு நடந்தது. மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள லாசரோ கார்டெனாஸ் துறைமுகத்தில் சீனச் சரக்கு இறங்கும். அங்கிருந்து நான்கு கால்பந்து மைதானங்களின் அகலத்தில் ஒரு பெருவழி டெக்சாஸைக் கிழித்துக்கொண்டு கனடா வரை போகும். சுங்கச் சோதனை எல்லையில் நடக்காது, நாட்டின் நட்டநடுவே கான்சாஸ் சிட்டியில் நடக்கும். கடைசியில் மூன்று நாடுகளும் கரைந்து 'வட அமெரிக்க ஒன்றியம்' ஆகும், டாலர் போய் 'அமெரோ' என்ற நாணயம் வரும். மூன்று நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டாவின் பெயரால் 'நாஃப்டா பெருவழி' எனப்பட்ட கதை இவ்வளவுதான். ஜெரோம் கோர்சி என்ற எழுத்தாளர் இதைப் பத்திகளாக எழுதிப் பரப்பி 2007-இல் புத்தகமாகவும் போட்டார். சி.என்.என். தொலைக்காட்சியில் லூ டாப்ஸ் மாலைதோறும் எச்சரித்தார். வர்ஜில் கூட் என்ற காங்கிரஸ் உறுப்பினர், இப்படியொரு சாலையும் ஒன்றியமும் கூடாது என்று பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். மொன்டானா, ஐடஹோ போன்ற மாநிலங்களின் சட்டமன்றங்களும் அதே பொருளில் தீர்மானம் போட்டன. 2007 நவம்பரில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாதத்தில் ரான் பாலிடம் இதைப் பற்றிக் கேள்வியே கேட்டார்கள். ஆனால் அப்படி ஒரு சாலை போடும் திட்டம் எந்த அரசிடமும் இல்லை. கதையின் முதுகெலும்பாகச் சொல்லப்பட்ட ஐ-35 நெடுஞ்சாலை மெக்சிகோ எல்லையில் லாரெடோவில் தொடங்கி, மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் முடிந்துவிடுகிறது. கனடாவின் எல்லையை அது தொடுவதே இல்லை.

இந்த மாதிரி நம்பிக்கைகளை விளக்க அமெரிக்க அறிவுலகத்தில் ஒரு சாவி எப்போதும் தயாராக இருக்கிறது. வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1964-இல் எழுதிய கட்டுரை அது: அமெரிக்க அரசியலில் அவ்வப்போது ஒரு சந்தேக நோய் தலைதூக்கும், எங்கும் சதியைக் காணும் மனநிலை அது, அதன் வேர் வாதத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. இந்தச் சாவியைப் போட்டால் நாஃப்டா பெருவழிக் கதையும் உடனே திறந்துகொள்கிறது. திறந்தபின் உள்ளே பார்க்கவேண்டிய தேவையும் போய்விடுகிறது என்பதுதான் சிக்கல். இந்தக் கதையை நம்பியவர்கள் தகவலில் தவறினார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் தங்கள் நிலத்தையும் சாலையையும் பற்றிய முடிவுகள் தங்கள் கைக்கு எட்டாத இடத்தில் எடுக்கப்படுகின்றன என்று அவர்கள் உணர்ந்ததில் தவறில்லை. எல்லை கடந்த சாலைத் திட்டங்கள் மீதான பொதுச் சந்தேகத்தை மக்களின் மனநோயாக அல்லாமல், பதில் சொல்லும் பொறுப்பு இல்லாத நிர்வாகத்தின் விளைவாகப் படிக்கவேண்டும் என்பதே என் வாதம். அப்படிப் படித்தால்தான் அந்தச் சந்தேகம் எங்கே வென்றது, எங்கே வீணாகப் போனது என்பதும் பிடிபடும்.

வதந்திக்கு உடல் கொடுத்தது உண்மையான ஒரு திட்டம். 2002 ஜனவரியில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர்) 'டிரான்ஸ் டெக்சாஸ் காரிடார்' என்ற பெயரில் அதை அறிவித்தார். மாநிலம் முழுக்க 4,000 மைல் வழித்தடங்கள். ஒவ்வொன்றும் 1,200 அடி வரை அகலம். அதற்குள் கார்களுக்குத் தனி வழி, லாரிகளுக்குத் தனி வழி, அதிவேக ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் தண்டவாளங்கள், ஓரத்தில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் குழாய்கள், மின்கம்பிகள். மதிப்பீடு 14,500 கோடி டாலரிலிருந்து 18,400 கோடி டாலர் வரை. கட்டி முடிக்க ஐம்பது ஆண்டு. கணக்குப் போட்டால் ஒரு மைல் சாலைக்கு சுமார் 146 ஏக்கர் போகும். முழுத் திட்டத்துக்கும் ஐந்தே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல். சான் அன்டோனியோவிலிருந்து டல்லஸ் வரை ஐ-35-க்குக் கிழக்கே நீளும் டெக்சாஸின் கரிசல் வெளி இதன் முதல் தடத்தில் விழுந்தது. ஜெர்மானிய, செக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள் தலைமுறைகளாகப் பயிர் செய்யும் மண் அது. வெட்டுப்பட்ட நிலத்தின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு டிராக்டர் எப்படிப் போகும், பள்ளிப் பேருந்து எத்தனை மைல் சுற்றும், சாலை தாண்டிப் போய்விட்ட ஊரின் கடைத்தெரு என்னாகும் என்பவைதான் அவர்களின் முதல் கேள்விகள். அமெரிக்காவின் இறையாண்மை அப்போது அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

இந்தப் பிரம்மாண்டத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு சாதாரணப் பணத்தட்டுப்பாடு. டெக்சாஸில் பெட்ரோல் மீதான மாநில வரி 1991 முதல் காலனுக்கு 20 சென்ட். ஒன்றிய அரசின் வரி 1993 முதல் 18.4 சென்ட். இரண்டும் உயரவே இல்லை. 1994-இல் நாஃப்டா நடைமுறைக்கு வந்தபின் லாரெடோ வழியாகப் பாயும் லாரிகள் பெருகின, மாநில மக்கள்தொகை பெருகியது, சாலைக்கான பணம் மட்டும் பணவீக்கத்தில் தேய்ந்தது. வரியை உயர்த்துகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்க எந்த அரசியல்வாதிக்கும் துணிவில்லை. ஆகவே தனியார் நிறுவனம் சாலை போடட்டும், ஐம்பது ஆண்டு சுங்கம் வசூலித்துக்கொள்ளட்டும், அரசுக்கு முன்பணமும் தரட்டும் என்ற ஏற்பாடு பிறந்தது. ஸ்பெயினின் சின்ட்ராவும் சான் அன்டோனியோவின் சாக்ரி நிறுவனமும் சேர்ந்த கூட்டு 2004 டிசம்பரில் தேர்வாகி, 2005 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது. முதலீடும் முன்பணமுமாகச் சேர்த்து 720 கோடி டாலர். வரி உயர்வு என்ற வெளிப்படையான கசப்பைத் தவிர்க்கப்போய், ஒப்பந்தம் என்ற மூடிய அறைக்குள் அரசு நுழைந்த இடம் இதுதான். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வித்து இங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தின் நிதி விவரங்களையும் வளர்ச்சித் திட்டத்தையும் மாநிலப் போக்குவரத்துத் துறை வெளியிட மறுத்தது. வணிக இரகசியம் என்றது. தகவல் கேட்டு ஹூஸ்டன் பத்திரிகையாளர்கள் போனார்கள். அவற்றை வெளியிடவேண்டும் என்று மாநில அட்டர்னி ஜெனரல் கிரெக் ஆபட் 2005-இல் கருத்துரைத்தார். துறையும் நிறுவனமும் அவரையே எதிர்த்து நீதிமன்றம் போயின. மக்கள் நிலத்தை எடுத்துக் கட்டப்போகும் சாலையின் ஒப்பந்தத்தை அந்த மக்கள் முழுமையாகப் பார்த்தது 2006 செப்டம்பரில், கையெழுத்தான ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. இதே இடைவெளியில்தான் நாஃப்டா பெருவழிக் கதை பிறந்து வளர்ந்தது. இன்னொன்றும் அப்போது நடந்தது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் கீலோ வழக்கில், பொருளாதார வளர்ச்சிக்காக ஒருவரின் வீட்டை எடுத்து இன்னொரு தனியாரிடம் கொடுப்பதும் பொதுப் பயன்பாடுதான் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாடு முழுக்கச் சொந்தக்காரர்கள் அதிர்ந்துபோயிருந்தார்கள். 2006-இல் துபாய் நிறுவனம் ஒன்று அமெரிக்கத் துறைமுக முனையங்களை எடுத்து நடத்தவிருந்த செய்தி வெடித்தது. அதே ஆண்டில் இண்டியானா மாநிலம் தன் சுங்கச்சாலையை 75 ஆண்டுக்கு, 380 கோடி டாலருக்கு, சின்ட்ராவும் ஆஸ்திரேலியாவின் மக்குவாரியும் சேர்ந்த கூட்டுக்குக் குத்தகைக்கு விட்டது. இவை ஒவ்வொன்றும் செய்தித்தாளில் வந்த உண்மை. ஒரு விவசாயி இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்து, எல்லாம் யாரோ ஒருவருடைய திட்டம் என்று முடிவு கட்டினால் அது தவறான முடிவு. வரிசையாக வைத்துப் பார்த்ததே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமுடியாது.

மாநில அளவில் நடந்ததைவிடக் கண்ட அளவில் நடந்தது இன்னும் மங்கல். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸின் வேக்கோ நகரில் அமெரிக்க அதிபர் புஷ், கனடாப் பிரதமர் பால் மார்ட்டின், மெக்சிகோ அதிபர் விசென்டே ஃபாக்ஸ் மூவரும் 'பாதுகாப்பு மற்றும் செழுமைக் கூட்டாண்மை' என்றொரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அது உடன்படிக்கை ஆகாது. எந்த நாட்டுச் சட்டமன்றத்திலும் வாக்கெடுப்பு இல்லை. அதிகாரிகள் குழு குழுவாகக் கூடி விதிமுறைகளை ஒத்திசைப்பார்கள். 2006-இல் அதற்கு ஆலோசனை சொல்ல மூன்று நாடுகளின் பெருநிறுவனத் தலைவர்களைக் கொண்ட ஒரு குழுவும் அமைந்தது, நாட்டுக்குப் பத்துப் பேர். தொழிற்சங்கத்துக்கோ விவசாயிக்கோ சுற்றுச்சூழல் அமைப்புக்கோ அப்படி ஒரு நாற்காலி இல்லை. 2006 செப்டம்பரில் கனடாவின் பான்ஃப் நகரில், முன்னாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் ஷூல்ட்ஸ் உள்ளிட்டோர் இணைத்தலைமையில், அமைச்சர்களும் படைத் தலைவர்களும் தொழிலதிபர்களும் கலந்துகொண்ட மூடிய கூட்டம் ஒன்று நடந்தது. அதன் குறிப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அடுத்த ஆண்டு வெளியே வந்தன. பெரிய கனவுகளைப் பேசுவதைவிட உள்கட்டமைப்பில் வேலை செய்வது அதிகப் பலன் தரலாம், சந்தடியில்லாமல் வளரவிடலாம் என்ற பொருளில் அதில் ஒரு குறிப்பு இருந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ உதிர்த்த ஒரு வாக்கியம்தான். அரசுக் கொள்கை ஆகிவிடாது. ஆனாலும் சாலையைப் பார்த்து இதற்குப் பின்னால் வேறென்ன என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சிந்தனை மேல்மட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காகிதம் கிடைத்திருக்காது.

இதற்கு ஆட்சியாளர்கள் தந்த பதில் சிரிப்பு. 2007 ஆகஸ்டில் கியூபெக் மாகாணத்தின் மான்டெபெல்லோவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடியபோது பெருவழியைப் பற்றிக் கேட்டார்கள். சதிக்கதைகளைக் கேட்டால் சிரிப்பு வருகிறது என்றார் புஷ். ஜெல்லி மிட்டாயின் தரவிதியை ஒன்றாக்கினால் கனடாவின் இறையாண்மை கவிழ்ந்துவிடுமா என்று கேட்டார் அப்போதைய கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். அதே மாநாட்டின் வெளியே, முகம் மறைத்துக் கையில் கல்லோடு போராட்டக்காரர்களுக்குள் நின்ற ஆட்கள் தங்கள் காவலர்களே என்று கியூபெக் காவல்துறை சில நாட்களில் ஒப்புக்கொண்டது. மிட்டாய் அளவுக்குச் சின்ன விஷயத்துக்கு வேஷம் போட்ட போலீஸ் எதற்கு என்று எவரும் கேட்டிருக்கலாம்.

மான்டெபெல்லோவில் வெளியே நின்றவர்கள் யார் என்பது என் வாதத்துக்கு முக்கியம். அவர்கள் பெரும்பாலும் கனடாவின் இடதுசாரிகள்: தொழிற்சங்கத்தார், கவுன்சில் ஆஃப் கனேடியன்ஸ் போன்ற அமைப்பினர். தண்ணீரை மொத்தமாக ஏற்றுமதி செய்யவைப்பார்கள், உணவு மருந்துத் தரவிதிகளை அமெரிக்க அளவுக்கு இறக்குவார்கள் என்பது அவர்கள் பயம். டெக்சாஸின் வலதுசாரிக்கும் இவர்களுக்கும் குடியேற்றம், துப்பாக்கி, வரி எதிலும் ஒத்த கருத்து இல்லை. சந்தேகத்தின் வடிவம் மட்டும் ஒன்று. மெக்சிகோவுக்குப் போனால் அங்கேயும் அதுவே. 2001-இல் ஃபாக்ஸ் அறிவித்த 'பியூப்லா-பனாமா திட்டம்' தெற்கு மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்காவின் வழியே நெடுஞ்சாலைகளையும் மின்தடங்களையும் இழுத்தது. சியாபாஸின் பழங்குடி அமைப்புகள் அதைப் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான கதவு என்று எதிர்த்தன. அதே ஆண்டில் மெக்சிகோ நகருக்கு அருகே ஆட்டென்கோவில் புதிய விமான நிலையத்துக்காக நிலத்தை எடுக்க ஆணை வந்தது. சதுர மீட்டருக்குச் சுமார் ஏழு பெசோ விலை. விவசாயிகள் வெட்டரிவாளோடு தெருவில் இறங்க, 2002 ஆகஸ்டில் ஃபாக்ஸ் திட்டத்தைக் கைவிட்டார். மூன்று நாடுகளில், மூன்று அரசியல் மரபுகளில், ஒருவரையொருவர் கண்டாலே முகம் திருப்பிக்கொள்ளும் மனிதர்களிடம் ஒரே வகைச் சந்தேகம் முளைக்கிறது என்றால் அதை ஒரு தேசத்தின் மனக்கோளாறு என்று விளக்கமுடியாது. மூவருக்கும் பொதுவாக இருந்தது, முடிவெடுத்த முறை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. டெக்சாஸ் வதந்தியின் எரிபொருள் மெக்சிகோக்காரர் மீதான வெறுப்புதானே? 2006, குடியேற்றச் சட்டம் பற்றி நாடே பிளந்து நின்ற ஆண்டு. லூ டாப்ஸின் நிகழ்ச்சிக்கு அதுவே முதன்மைச் சரக்கு. பெருவழிக் கதையில் மெக்சிகோ லாரி ஓட்டுநர், மெக்சிகோ சுங்க அதிகாரி என்று அந்நியர்களே பயமுறுத்தும் பாத்திரங்கள். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. எல்லாம் கனவான்களின் ஜனநாயகக் கவலை என்று வெள்ளையடித்தால் அது பொய்யாகிவிடும். ஆனால் வெறுப்பு மட்டும் காரணம் என்றால், அது தொலைக்காட்சியில் கொழுந்துவிட்ட இடத்துக்கும் கூட்ட அரங்குகளில் வாதமாக நின்ற இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தை விளக்க இயலாது. பெருவழி போகவே போகாத மொன்டானாவில் தீர்மானம் ஒன்றியத்தைப் பற்றியது. பெருவழி போகும் கிராமங்களில் பேச்சு ஏக்கரையும் சுங்கக் கட்டணத்தையும் பற்றியது. தொலைவில் இருந்தவர்களுக்கு அது அடையாளப் போர். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பட்டா நிலம். இரண்டும் ஒரே பெயரில் கலந்து நின்றதால்தான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே கூச்சலாகக் கேட்டது.

எதுவும் மறைக்கப்படவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. திட்ட அறிக்கை 2002-லேயே அச்சாகி வந்தது. 2003-இல் சட்டமன்றம் அதற்கான சட்டத்தைப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. முறைப்படி இது சரி. ஆனால் 2003-இன் சட்டம் போக்குவரத்து தொடர்பான பல விஷயங்களைக் கட்டிச் சுருட்டிய மிகப் பெரிய மசோதா. கூட்டத்தொடரின் நெரிசலில் ஓடியது. எதற்கு ஓட்டுப் போட்டோம் என்று பிற்பாடு வருந்திய உறுப்பினர்கள் உண்டு. கூட்டங்களும் திட்டம் முடிவான பின் நடந்தவை. எந்தத் தடம் என்று பேசலாம், வேண்டுமா என்று பேசமுடியாது. ஆவணத்தை வெளியிட்டுவிடுவதும் அதைப் பற்றிப் பேரம் பேச ஒரு கைப்பிடி தருவதும் வேறு வேறு. கைப்பிடி இல்லாத இடத்தில் மக்கள் எதைப் பிடித்தாவது தொங்குவார்கள். இறையாண்மை என்பது அப்படிக் கிடைத்த பெரிய சொல். நாஃப்டாவின் பதினோராம் அத்தியாயம் அதற்குச் சற்று ஈரமும் சேர்த்திருந்தது. மெக்சிகோவின் குவாதல்காசார் என்ற சிறு நகராட்சி நச்சுக்கழிவுக் கிடங்குக்கு அனுமதி மறுத்ததற்காக, மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு மெக்சிகோ சுமார் 1.67 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2000-இல் ஒரு தீர்ப்பாயம் சொன்னது. பெட்ரோலில் கலக்கும் ஒரு வேதிப்பொருளைக் கலிஃபோர்னியா தடைசெய்ததற்காக மெத்தனெக்ஸ் என்ற கனடா நிறுவனம் 97 கோடி டாலர் கேட்டு அமெரிக்கா மீது தொடுத்த வழக்கு 2005-இல் தோற்றது. தோற்றாலும், உள்ளூர்ச் சட்டம் ஒன்றைப் பன்னாட்டு நடுவர்கள் முன் இழுக்கமுடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பெருவழியை நிறுத்தியது எது? ஒன்றியத்துக்கு எதிரான தீர்மானங்கள் எதையும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. டெக்சாஸில் வேலை செய்தவை சலிப்பூட்டும் கருவிகள். மாநில விவசாயிகள் சங்கம் தன் வழக்கமான குடியரசுக் கட்சி நட்பை ஒதுக்கிவைத்துத் திட்டத்தை எதிர்த்தது. 2006 ஆளுநர் தேர்தலில் பெர்ரி 39 விழுக்காட்டில் வென்றார். எதிர் ஓட்டு மூன்றாகப் பிரியாவிட்டால் அதுவும் கடினம். கட்டுமானச் செலவு, வருவாய் பற்றிய நம்பத்தக்க கணக்கு இல்லை என்று 2007-இல் மாநிலத் தணிக்கையாளர் எழுதினார். அதே ஆண்டு தனியார் சுங்கச்சாலை ஒப்பந்தங்களுக்கு, சில விலக்குகளோடு, இரண்டு ஆண்டுத் தடையைச் சட்டமன்றம் விதித்தது. முதல் மசோதாவை ரத்துசெய்த பெர்ரி இரண்டாவதில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. எனக்கு இதில் மிகப் பிடித்தது பெல் கவுன்டி வட்டாரத்தின் ஹாலண்ட், பார்ட்லெட், ரோஜர்ஸ், லிட்டில் ரிவர்-அகாடமி என்ற நான்கு சிற்றூர்கள் செய்தது. பக்கத்து ஊர்கள் கூடி வட்டாரத் திட்டக்குழு அமைக்கலாம், மாநிலத் துறைகள் அதனோடு ஒருங்கிணைந்து நடக்கவேண்டும் என்று பழைய உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு தூங்கிக்கிடந்தது. 2007-இல் அதைத் தட்டியெழுப்பிக் குழு அமைத்துப் போக்குவரத்துத் துறையைத் தங்கள் மேசைக்கு வரவழைத்தார்கள். 2008-இல் கிழக்கு டெக்சாஸ் தடம் பற்றி ஏறக்குறைய 28,000 கருத்துரைகள் குவிந்தன. அந்தக் கோடையில் புதுத்தடத்தை விட்டு இருக்கும் சாலைகளையே பயன்படுத்துவதாகத் துறை இறங்கிவந்தது. 2009 ஜனவரியில் திட்டத்தின் பெயரையே கைவிட்டது. 2011-இல் சட்டமன்றம் அதற்கான சட்டப் பிரிவுகளை நீக்கியது. வேக்கோ கூட்டாண்மையும் 2009-லேயே ஓசையின்றி முடிந்தது.

வதந்தி உதவியதே என்று சிலர் சொல்வார்கள்: அது இல்லாவிட்டால் நாட்டின் கவனம் திரும்பியிருக்குமா? கொஞ்சம் திரும்பியிருக்கலாம். ஆனால் அதன் விலை அதிகம். ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்ட எவரையும் அமெரோக்காரர் பட்டியலில் தள்ளிச் சிரிக்க அது வசதி செய்து கொடுத்தது. கவனிக்கவேண்டியவற்றிலிருந்து கண்ணையும் திருப்பியது. மெக்சிகோ லாரிகளை அனுமதிப்பதாக நாஃப்டாவில் ஒப்புக்கொண்ட அமெரிக்கா 1995-லேயே பின்வாங்கியது. 2007-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தையும் 2009-இல் காங்கிரஸ் முடக்க, சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்கள் மீது மெக்சிகோ தண்டத் தீர்வை போட்டது. பிரேக், ஓட்டுநர் வேலைநேரம், காப்பீடு என்று பேசித் தீர்க்கவேண்டிய அந்த விவகாரம் படையெடுப்புப் பேச்சில் மூழ்கியது. சின்ட்ரா கூட்டு கடைசியில் கட்டியது ஆஸ்டினுக்குத் தெற்கே, மாநில நெடுஞ்சாலை 130-இன் 41 மைல். 2012 அக்டோபரில் திறந்த அந்தச் சாலையில் மணிக்கு 85 மைல் வேகம் அனுமதி, அமெரிக்காவிலேயே அதிகம். அந்த வரம்புக்காக நிறுவனம் ஒப்பந்தப்படி மாநிலத்துக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. வேகவரம்பும் விலைப்பட்டியலில் ஏறிய இந்தச் செய்தி எந்த ஒன்றியக் கதையையும்விட ஆராயத் தக்கது. எதிர்பார்த்த வண்டிகள் வராமல், 43 கோடி டாலர் ஒன்றிய அரசுக் கடனும் நிலுவையில் இருக்க, 2016 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. நாட்டை விழுங்க வரும் பூதமாகச் சொல்லப்பட்டவர்களுக்கு வண்டிக் கணக்கே சரியாக வரவில்லை.

என் விளக்கத்தைச் சோதிக்க நல்ல ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கைவிடப்பட்ட அந்தக் கிழக்கு டெக்சாஸ் தடம் ஐ-69 என்ற பெயரில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மிச்சிகனில் கனடா எல்லையை ஒட்டிய போர்ட் ஹியூரனிலிருந்து டெக்சாஸின் மெக்சிகோ எல்லை வரை என்று எண்ணப்பட்ட சாலை இது. நாஃப்டா பெருவழி என்ற பெயருக்கு ஏதாவது பொருந்துமென்றால் ஐ-35-ஐவிட இதுதான் பொருந்தும். ஆனால் இம்முறை துறை, தடத்தில் இருக்கும் ஊர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்களைப் பகுதி பகுதியாக அமைத்தது. பழைய நெடுஞ்சாலையையே தரமுயர்த்துவது என்பது அவர்கள் சொன்னபடி ஆயிற்று. 2011-இலிருந்து துண்டு துண்டாக ஐ-69 பலகைகள் ஏறுகின்றன. கண்டத்தைக் கரைக்கும் சதி என்று எவரும் தெருவில் இறங்கவில்லை. முறை மாறியது என்பதால் அல்ல, வதந்திக்காரர்களின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது என்பதால்தான் இந்த அமைதி என்று ஒருவர் வாதிடலாம். கோர்சியே அடுத்து ஒபாமாவின் பிறப்புச் சான்றிதழுக்குப் போய்விட்டார். 2015-இல் 'ஜேட் ஹெல்ம்' என்ற சாதாரண ராணுவப் பயிற்சியை டெக்சாஸைக் கைப்பற்றும் முயற்சி என்று பலர் நம்ப, அப்போது ஆளுநராகியிருந்த அதே கிரெக் ஆபட் அதைக் கண்காணிக்க மாநிலக் காவற்படைக்கு உத்தரவிட்டார். எல்லாச் சந்தேகமும் பதில் கிடைக்காததால் பிறப்பதில்லை, சில சந்தேகங்களை அரசியல்வாதிகளே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஜேட் ஹெல்ம் இரண்டு மாதத்தில் சுவடின்றிப் போனது. யாருடைய நிலத்தையும் அது அளக்கவில்லை. பெருவழிச் சந்தேகம் ஆண்டுக்கணக்கில் நின்றதற்கும் சட்டத்தையே மாற்றியதற்கும் காரணம் அதன் காலடியில் இருந்த அந்த 146 ஏக்கர் கணக்கு.

2023 ஏப்ரலில் கனேடியன் பசிபிக் ரயில் நிறுவனமும் கான்சாஸ் சிட்டி சதர்ன் நிறுவனமும் ஒன்றாயின. 3,100 கோடி டாலர் பேரம். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றையும் ஒரே நிறுவனத்தின் தண்டவாளத்தால் இணைக்கும் முதல் வலைப்பின்னல் அது. லாசரோ கார்டெனாஸ் துறைமுகமும் கான்சாஸ் சிட்டியும் அதே கோட்டில் இருக்கின்றன. 2006-இன் வதந்தி வரைந்த வரைபடத்துக்கு நடைமுறையில் மிக நெருங்கி வந்தது இதுதான். எதிர்ப்பு வந்தது, ஆனால் வேறு மொழியில். சிகாகோவின் புறநகர்கள் கூட்டணி அமைத்து, ரயில்வே கேட்டுகளில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு ஒழுங்குமுறை வாரியத்தின் முன் வைத்தன. மிசிசிப்பி ஆற்றங்கரையில், தண்டவாளம் நகரின் கரையோரத்தையே ஒட்டி ஓடும் அயோவாவின் டாவன்போர்ட் தன் ஊர் வழியே போகும் ரயில்கள் மும்மடங்கு ஆகும் என்பதைச் சொல்லி நிறுவனத்திடம் ஒரு கோடி டாலர் வாங்கியது. பக்கத்து பெட்டன்டார்ஃபும் மஸ்கட்டீனும் தலா முப்பது லட்சம் வாங்கின. தொகை போதாது, ஊரைக் கேட்காமல் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டார்கள் என்ற மனக்குறை டாவன்போர்ட்டில் இருக்கிறது. வாரியம் 2023 மார்ச்சில் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அந்த நிபந்தனைகள் பத்தாது என்று சிகாகோ புறநகர்கள் நீதிமன்றம் போயின.